ஏ.பி. ஆங்கில இலக்கிய ஆசிரியர்களுக்கான தொழில்திறன் வளர்ச்சி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலும் 11, 12ஆம் வகுப்பு மாணவர்கள் எடுக்கும் பாடம் ஏ.பி. (அட்வான்ஸ்டு ப்ளேஸ்மென்ட்) ஆங்கில இலக்கியம். கல்லூரியின் முதலாண்டு இலக்கிய வகுப்புக்குச் சமமாக அமைத்திருக்கிறார்கள். காலேஜ் போர்டு என்ற அமைப்பு 1955இல் ஏ.பி. திட்டத்தின் பொறுப்பை ஏற்று, அடுத்த ஆண்டே முதல் தேர்வுகளை நடத்தியது. ஒவ்வொரு மே மாதமும் தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண். நல்ல மதிப்பெண் வாங்கினால் பல கல்லூரிகள் கிரெடிட் (பட்டப்படிப்புக் கணக்கில் சேரும் புள்ளி) தருகின்றன. இந்தியாவில் சில சர்வதேசப் பள்ளிகளும் ஏ.பி. பாடங்களை நடத்துகின்றன.

இந்தப் பாடத்தை முதல்முறையாகக் கையில் எடுப்பவர்களுக்கும், சில வருடங்கள் நடத்திவிட்டு அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பயிற்சி என்றதும் நமக்குச் சான்றிதழும் மணிநேரக் கணக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. அவை தேவைதான். ஆனால் ஓர் இலக்கிய ஆசிரியரை உண்மையில் வளர்ப்பது வேறொன்று என்பது என் உறுதியான எண்ணம். மாணவர்களை என்ன செய்யச் சொல்கிறோமோ, அதை நாமே சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து செய்ய வேண்டும். கவிதையைச் சேர்ந்து படிப்பது, கட்டுரையை நாமே எழுதுவது, எழுதியதை இன்னொருவர் கையில் கொடுப்பது. கீழே வரும் படிகள் எல்லாம் இதைச் சுற்றித்தான் அமைகின்றன.

படி 1: பாடக் கையேட்டைப் படியுங்கள்

காலேஜ் போர்டின் ஏ.பி. சென்ட்ரல் தளத்தில் பாடத்தையும் தேர்வையும் விளக்கும் கையேடு இலவசமாகக் கிடைக்கிறது. வருடக்கணக்காகப் பாடம் நடத்துகிறவர்களிலும் இதை முழுவதும் படிக்காதவர்கள் உண்டு. படித்துவிடுங்கள்.

பாடம் ஒன்பது அலகுகளாக இருக்கிறது. சிறுகதை, கவிதை, நாவல் அல்லது நாடகம் என்ற வரிசை மூன்று முறை சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றிலும் ஆழம் கூடும். பாத்திரம், களம், அமைப்பு, கதைசொல்லல், அணிமொழி, இலக்கிய வாதம் என்ற ஆறு கருத்துகள் எல்லா அலகுகளிலும் ஓடுகின்றன. எந்த நூலைப் படிக்க வேண்டும் என்று கட்டாயப் பட்டியல் எதுவும் கிடையாது. அந்தச் சுதந்திரமும் பொறுப்பும் ஆசிரியருடையவை.

தேர்வு மூன்று மணி நேரம். முதல் ஒரு மணி நேரத்தில் 55 கொள்குறி வினாக்கள், மொத்த மதிப்பில் 45 சதவீதம். அடுத்த இரண்டு மணி நேரத்தில் மூன்று கட்டுரைகள், 55 சதவீதம். ஒரு கட்டுரை கொடுக்கப்பட்ட கவிதை பற்றியது, இன்னொன்று கொடுக்கப்பட்ட உரைநடைப் பகுதி பற்றியது. மூன்றாவதற்கு ஒரு பொதுவான கருப்பொருளைத் தருவார்கள். மாணவர் தான் படித்த நாவலையோ நாடகத்தையோ எடுத்துக்கொண்டு வாதிட வேண்டும். 2025 மே முதல் தேர்வு முழுவதும் ப்ளூபுக் என்ற செயலியில், கணினியில்தான் நடக்கிறது.

கையேட்டில் ஒரு தகவலை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கொள்குறிப் பகுதியில் சிறுகதை அலகுகளுக்கு 42 முதல் 49 சதவீதமும், கவிதைக்கு 36 முதல் 45 சதவீதமும், நாவல், நாடகத்துக்கு 15 முதல் 18 சதவீதமும் ஒதுக்கியிருக்கிறார்கள். நம்மில் பலர் வருடத்தின் பெரும்பகுதியை நான்கைந்து நாவல்களிலேயே செலவழித்துவிட்டு, கவிதையை ஏப்ரலில் அவசர அவசரமாக முடிக்கிறோம். மூன்றாவது கட்டுரைக்கு நாவல் வேண்டும் என்பதால் அதைக் கைவிட முடியாது. ஆனால் கவிதை செப்டம்பரிலேயே தொடங்கி, வாரம் தவறாமல் வரவேண்டும்.

அப்புறம், கோர்ஸ் ஆடிட். உங்கள் சிலபஸைக் காலேஜ் போர்டுக்கு அனுப்பி ஒப்புதல் பெற்றால்தான் பாடத்துக்கு ஏ.பி. என்ற பெயரைப் பயன்படுத்த முடியும். ஒப்புதல் கிடைத்ததும் ஏ.பி. கிளாஸ்ரூம் தளம் திறக்கும். அலகு வாரியான வீடியோக்கள், வினா வங்கி, பயிற்சித் தேர்வுகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆசிரியர் பயிற்சி எடுத்தே ஆகவேண்டும் என்று காலேஜ் போர்டு நிபந்தனை வைப்பதில்லை. சில பள்ளி மாவட்டங்கள் (ஒரு பகுதியின் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்கள்) வைக்கின்றன. உங்கள் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: தேர்வை நீங்களே எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள்.

பழைய கட்டுரை வினாக்கள் ஏ.பி. சென்ட்ரலில் ஆண்டு வாரியாக இருக்கின்றன. ஒன்றை எடுத்து, நாற்பது நிமிடம் அலாரம் வைத்து, கணினியில் தட்டச்சு செய்யுங்கள். விளக்கவுரை எதையும் பார்க்கக் கூடாது. முன்பே பாடம் நடத்திய கவிதையாக இருந்தால் பயனில்லை. தெரியாத கவிதையாக இருக்கட்டும்.

எழுதும்போது எங்கே தடுமாறுகிறீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். முதல் வாசிப்புக்கு எவ்வளவு நேரம் போனது? மையக்கருத்தை எழுதிவிட்டுக் கவிதைக்குப் போனீர்களா, கவிதையைச் சுற்றிச் சுற்றி வந்தபின் மையக்கருத்து பிடிபட்டதா? இரண்டாம் பத்தியில் முதல் பத்தியையே வேறு சொற்களில் சொல்லிக்கொண்டிருப்பதைக் கண்டீர்களா? அந்தக் குறிப்புகள்தான் அடுத்த வாரத்துக்கான உங்கள் பாடத்திட்டம். நாற்பது நிமிடத்தில் ஒரு கவிதையைப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று உடம்பால் அறிந்த ஆசிரியர், "இன்னும் ஆழமாக எழுது" என்று விளிம்பில் கிறுக்கிவிட்டுப் போகமாட்டார். எந்த வரியில் ஆழம் கிடைக்கும் என்று விரல் வைத்துக் காட்டுவார்.

எழுதக் கற்பிக்கிறவர் எழுத வேண்டும் என்ற இந்த எண்ணத்தை மையமாக வைத்தே ஒரு பெரிய இயக்கம் அமெரிக்காவில் இருக்கிறது. 1974இல் பெர்க்லியில் பே ஏரியா ரைட்டிங் ப்ராஜெக்ட் என்று தொடங்கி, பின்னர் நேஷனல் ரைட்டிங் ப்ராஜெக்ட்டாக நாடு முழுவதும் பரவியது. பல்கலைக்கழகங்களில் அதன் கிளைகள் இயங்குகின்றன. ஆசிரியர்களே ஆசிரியர்களுக்குக் கற்பிப்பது அவர்கள் வழி. உங்கள் ஊருக்கு அருகில் கிளை இருந்தால் ஒரு கோடையை அங்கே கொடுங்கள்.

படி 3: ரூப்ரிக்கை (புள்ளி போடும் அளவுகோலை) உள்வாங்குங்கள்

2019 வரை கட்டுரைகளுக்கு ஒன்பது புள்ளி அளவுகோல் இருந்தது. முழுக் கட்டுரையையும் ஒட்டுமொத்தமாகப் பார்த்து ஓர் எண் போடுவார்கள். 2019-20 கல்வியாண்டில் ஆறு புள்ளி ரூப்ரிக் வந்தது. மையக்கருத்துக்கு 1, சான்றுக்கும் விளக்கத்துக்கும் சேர்த்து 4, நுட்பத்துக்கு 1.

மையக்கருத்துப் புள்ளி எளிது. வினாவுக்கு விடையாக, வாதிடத்தக்க ஒரு விளக்கத்தைச் சொன்னால் போதும். நுட்பப் புள்ளியைப் பற்றி ஆசிரியர்கள் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். கவிதைக்குள் இருக்கும் முரண்களை ஆராய்வது, மாற்று வாசிப்பைக் கணக்கில் எடுப்பது, படைப்பைப் பெரிய சூழலில் வைத்துப் பார்ப்பது, நடையில் வலு காட்டுவது என்று அதற்குப் பல வழிகள் உண்டு. எதையும் கட்டுரையின் கடைசியில் ஒரு வாக்கியமாக ஒட்டவைத்து வாங்க முடியாது. அதைத் தனியாகக் கற்பிக்க முயலாதீர்கள். நடுவில் இருக்கும் நான்கு புள்ளிகளைச் சரியாகக் கற்பித்தால் அது தானாக வரும்.

அந்த நான்கில்தான் எல்லாம் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். 2008 தேர்வில் ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் 1818இல் எழுதிய ஒரு சானெட்டை (பதினான்கு அடிக் கவிதையை) அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோவின் கவிதையோடு ஒப்பிடச் சொன்னார்கள். மனதில் நிறைந்திருப்பதை எல்லாம் எழுதித் தீர்க்கும் முன்பே இறந்துவிடுவேனோ என்ற அச்சம்தான் கீட்ஸ் கவிதையின் பொருள். மூன்று நாலடிகள், முதல் இரண்டும் "எப்போது" என்றும் மூன்றாவது "மேலும் எப்போது" என்றும் தொடங்குகின்றன. முதல் நாலடியில் அறுவடை: முற்றிய தானியத்தைக் களஞ்சியம் சேமிப்பதுபோலப் புத்தகங்கள் அவன் மனத்தின் விளைச்சலைச் சேமிக்க வேண்டும். பன்னிரண்டாம் அடியின் நடுவில் கவிதை சட்டென்று திரும்புகிறது. பரந்த உலகின் கரையில் தனியே நின்று நினைக்கிறான். காதலும் புகழும் ஒன்றுமில்லாமல் மூழ்குகின்றன.

ஒரு மாணவர் எழுதுகிறார்: "கீட்ஸ் அறுவடை உருவகத்தைப் பயன்படுத்துகிறார். இது அவருடைய அச்சத்தை வலுவாகக் காட்டுகிறது." சான்று சரி. ஆனால் உருவகம் எப்படி அச்சத்தைக் காட்டுகிறது என்று ஒரு சொல்லும் இல்லை. இப்படியே போகும் கட்டுரை இரண்டு புள்ளியில் நின்றுவிடும்.

இன்னொருவர்: "அறுவடைக்குக் காலம் தவறக் கூடாது. முற்றிய கதிரை வெட்டாமல் விட்டால் அது வயலிலேயே வீணாகும். கீட்ஸின் அச்சம் இறப்பைப் பற்றியது மட்டுமில்லை, விளைந்தது வீணாவதைப் பற்றியது." இங்கே உருவகத்தின் உள்ளே நுழைந்து விளக்கம் கிடைக்கிறது. இது மூன்றை நோக்கிப் போகும் எழுத்து.

இதே மாணவர் தொடர்ந்து இப்படிச் சொன்னால்: "மூன்று 'எப்போது'களும் முதன்மை வாக்கியத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கின்றன, வாசகரும் காத்திருக்கிறார். மூன்றாவது நாலடி முழுமையடையும் முன்பே, நடு அடியிலேயே வெட்டுப்படுகிறது. நேரம் போதாது என்று அஞ்சியவனுக்குக் கவிதையிலேயே நேரம் போதாமல் போகிறது." இப்போது உருவகமும் அமைப்பும் சேர்ந்து ஒரே வாதத்தைத் தாங்குகின்றன. பல உத்திகளைத் தொடர்ச்சியாக வாதத்தோடு இணைப்பதைத்தான் நான்காவது புள்ளிக்குக் கேட்கிறார்கள்.

இந்த மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "விளக்கம் போதவில்லை" என்று எழுதினால் மாணவருக்கு ஒன்றும் புரியாது. "அறுவடையைப் பற்றி உனக்கு என்ன தெரியும், அதை எழுது" என்றால் புரியும்.

படி 4: சேர்ந்து திருத்துங்கள்

ரூப்ரிக்கைத் தனியே படித்துவிட்டுத் தனியே திருத்தினால், சில மாதங்களில் நாம் அறியாமலே நமக்கென்று ஒரு சொந்த ரூப்ரிக் உருவாகிவிடும். கையெழுத்து, வாக்கிய நயம், "இது நல்ல பிள்ளை" என்ற முன்முடிவு எல்லாம் அதில் கலந்துவிடும். இன்னொரு ஆசிரியரின் கண் வேண்டும்.

மூன்று நான்கு பேர் போதும். ஒவ்வொருவரும் ஒரே வினாவுக்குத் தங்கள் மாணவர் எழுதிய இரண்டு கட்டுரைகளைக் கொண்டுவரட்டும். பெயர்களை நீக்கிவிடுங்கள். எல்லோரும் பேசாமல் படித்து, ரூப்ரிக்கின் மூன்று பகுதிகளுக்கும் தனித்தனியே புள்ளி எழுதுங்கள். எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. மூத்த ஆசிரியர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்களின் எண்கள் மாறிவிடும். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் காட்டுங்கள்.

எண்கள் ஒத்துப்போன கட்டுரைகளைத் தள்ளிவையுங்கள். வேறுபட்டவைதான் நம் பாடம். மூன்று கொடுத்தவர் அந்த மூன்றுக்கு ஆதாரமான வாக்கியத்தைக் கட்டுரையிலிருந்து வாசித்துக் காட்ட வேண்டும். வாக்கியத்தைக் காட்ட முடியாதவர் எண்ணைத் திரும்ப யோசிக்க வேண்டும். "அவள் என்ன சொல்ல வந்தாள் என்றால்" என்று யாராவது தொடங்கினால் நிறுத்துங்கள். மாணவர் எழுதாததை நாம் எழுதிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டோம் என்று பொருள். பெரும்பாலான சண்டைகள் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் வரும். வாதம் ஓர் ஓட்டமாக நகர்கிறதா, அல்லது தனித்தனிக் கவனிப்புகளாகச் சிதறிக் கிடக்கிறதா என்ற கேள்வி அங்கே இருக்கிறது. அந்தச் சண்டையை நீளவிடுங்கள். இலக்கிய வாதம் என்றால் என்ன என்று ஆசிரியர்கள் கற்றுக்கொள்வது அந்த அரை மணி நேரத்தில்தான்.

பள்ளியில் ஏ.பி. இலக்கியம் நடத்துவது நீங்கள் ஒருவர் மட்டும்தானா? அடுத்த மாவட்டத்து ஆசிரியரோடு வீடியோ அழைப்பில் செய்யலாம். அதுவும் கிடைக்காவிட்டால் ஏ.பி. சென்ட்ரலில் ஒவ்வோர் ஆண்டின் மாதிரிக் கட்டுரைகளும், அவற்றுக்கு ஏன் அந்த மதிப்பெண் என்ற விளக்கமும் இருக்கின்றன. விளக்கத்தைப் பார்க்காமல் நீங்கள் புள்ளி போட்டுவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். கூடவே அந்த ஆண்டின் தலைமை மதிப்பீட்டாளர் அறிக்கையையும் படியுங்கள். மாணவர்கள் எங்கே வழிதவறினார்கள், ஆசிரியர்கள் என்ன செய்யலாம் என்று வினா வாரியாக அதில் எழுதியிருப்பார்கள். இலவசமாகக் கிடைக்கும் பயிற்சிகளில் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

இந்தக் கூட்டம் வகுப்பில் என்ன மாற்ற வேண்டும்? ஒரு கட்டுரைக்கு ஒரே ஒரு கருத்து, அதுவும் ஒரு பத்தியை மட்டும் திரும்ப எழுதச் சொல்லி. சிவப்பு மை நிறைந்த தாளை மாணவர் மூடிவைத்துவிடுவார். ஒரு பத்தியைத் திரும்ப எழுதினால் கற்பார்.

படி 5: கோடைப் பயிற்சி

ஏ.பி. சம்மர் இன்ஸ்டிட்யூட் என்பது குறைந்தது 30 மணி நேரப் பயிற்சி. கல்லூரி வளாகங்களிலும் இணையவழியிலும் நடக்கிறது. அனுபவமுள்ள ஏ.பி. ஆசிரியர்கள் நடத்துவார்கள். கட்டணத்தைக் கையிலிருந்து கட்டும் முன் மாவட்டத்திடம் கேளுங்கள். ஆசிரியர் பயிற்சிக்கென்று டைட்டில் 2 ஏ என்ற கூட்டரசு நிதி மாவட்டங்களுக்கு வருகிறது. காலேஜ் போர்டும் சிலருக்கு உதவித்தொகை தருகிறது. அதற்குக் கோடைக்கு வெகு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

புதியவர்கள் பாடம் தொடங்கும் முன் போவதைவிட, முடிந்தால் ஒரு வருடம் நடத்திவிட்டுப் போவது நல்லது என்று நினைக்கிறேன். கேள்விகளோடு போனால்தான் விடைகளோடு திரும்ப முடியும். அங்கே கிடைக்கும் பாடப் பொருள்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வரத் தோன்றும். கூட இருந்தவர்களில் இரண்டு பேரின் தொலைபேசி எண் அதைவிட மதிப்பு வாய்ந்தது. படி 4க்கான குழு அங்கேதான் கிடைக்கும்.

1911இல் தொடங்கிய என்.சி.டி.இ. என்ற ஆங்கில ஆசிரியர் மன்றத்தின் மாநாடு ஒவ்வொரு நவம்பரிலும் நடக்கிறது. அவர்களின் இங்கிலிஷ் ஜர்னல் 1912 முதல் வருகிறது. பள்ளி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

படி 6: நூல்களைத் தேர்ந்தெடுக்கும் திறன்

கட்டாயப் பட்டியல் இல்லை என்று சொன்னேன். அதனால் எதைக் கற்பிக்கிறோம் என்பதற்கு எழுத்தில் காரணம் வைத்திருங்கள். இந்த நூல் எந்தத் திறனை வளர்க்கிறது, ஏன் இந்த வயதுக்கு, எதிர்ப்பு வந்தால் மாற்று நூல் என்ன என்று ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். என்.சி.டி.இ. இப்படிப்பட்ட காரண விளக்கங்களைத் திரட்டி வைத்திருக்கிறது. பெற்றோர் கேள்வி கேட்கும் நாளில் எழுத ஆரம்பித்தால் தாமதம்.

மொழிபெயர்ப்புகளையும் தயங்காமல் சேருங்கள். இங்கே தமிழ் படித்து வளர்ந்த ஆசிரியருக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. ஏ.பி. கையேட்டில் களம் என்பது வெறும் பின்னணி இல்லை, அது பாத்திரத்தின் மனநிலையோடும் பொருளோடும் பிணைந்தது என்று திரும்பத் திரும்பக் கற்பிக்கச் சொல்கிறார்கள். நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்த நிலத்தின் பறவையும் பூவும் தொழிலும் கருப்பொருள், அவற்றோடு இயைந்து வரும் உணர்வு உரிப்பொருள் என்று தொல்காப்பியப் பொருளதிகாரம் நமக்கு ஒரு முழுக் கருவியையே கொடுத்திருக்கிறது. ஒரு குறுந்தொகைப் பாடலின் ஆங்கில வடிவத்தைப் பலகையில் போட்டு, மலைச்சாரலும் நள்ளிரவும் ஏன் கூடலுக்குரியவை என்று வகுப்பைக் கேட்டுப் பாருங்கள். களத்தைப் படிக்கும் பழக்கம் அந்த மாணவர்களுக்கு உடனே பிடிபடும். பிறகு அதே கண்ணோடு ஓர் ஆங்கிலச் சிறுகதைக்குப் போங்கள்.

படி 7: வகுப்பில் பேச்சைக் கைமாற்றுங்கள்

உங்கள் வகுப்பு ஒன்றை ஒலிப்பதிவு செய்து கேளுங்கள். பள்ளியின் அனுமதி தேவையென்றால் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் இதைத்தான் அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவுக்குத்தான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் விடைகள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அவர் பார்த்தவை அறிவியல் வகுப்புகள். கவிதைக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும்.

வட்டமாக உட்கார்ந்து மாணவர்களே பேசிக்கொள்ளும் முறைக்கு எட்வர்டு ஹார்க்னஸ் என்பவரின் பெயர். 1930இல் அவர் ஃபிலிப்ஸ் எக்ஸிட்டர் பள்ளிக்குக் கொடுத்த நன்கொடையால் அது அங்கே தொடங்கியது. சுமார் பன்னிரண்டு பேர் சுற்றி உட்காரும் மேசைக்கு ஏற்ற முறை அது. முப்பது பேர் வகுப்பில் உள்வட்டம், வெளிவட்டம் என்று பிரித்துச் செய்யுங்கள். வெளிவட்டத்தில் இருப்பவர்கள் யார் யாருக்குப் பதில் சொன்னார்கள் என்று கோடு போட்டு வரட்டும். நாடகத்துக்கு வாஷிங்டனில் இருக்கும் ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகத்தின் ஆசிரியர் பயிற்சிகளைப் பாருங்கள். விளக்கம் சொல்வதற்கு முன் வரிகளை மாணவர் வாயில் பேசவைப்பது அவர்கள் வழி. எழுந்து நின்று பேசிய வரி நினைவில் நிற்கும்.

படி 8: ஜூன் மாத மதிப்பீட்டுக்குப் போங்கள்

தேர்வு முடிந்ததும் ஜூனில் ஏ.பி. ரீடிங் நடக்கிறது. நாடு முழுவதிலுமிருந்து பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் சேர்ந்து கட்டுரைகளை மதிப்பிடுகிறார்கள். சிலர் நேரில், சிலர் வீட்டிலிருந்து. ஊதியம் உண்டு. பாடத்தை நடத்திய அனுபவம் வேண்டும். இப்போதைய நிபந்தனைகள் காலேஜ் போர்டு தளத்தில் இருக்கும்.

ஒவ்வொருவருக்கும் ஒரே வினா. முதலில் மாதிரிகளை வைத்து எல்லோரையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருகிறார்கள். பிறகு நாள் முழுக்க அதே வினா, அதே கவிதை, வேறு வேறு பிள்ளைகளின் எழுத்து. படி 4இல் சொன்னது இங்கே பெரிய அளவில் நடக்கிறது. எல்லோரும் சொல்லும் விளக்கம் எது, ஒருவர் மட்டும் கண்டது எது என்று அங்கே கண் பழகிவிடும். ஒரு பிள்ளை நம் மாநிலத்துக்கு அப்பால், நமக்குத் தெரியாத பள்ளியில் உட்கார்ந்து நாற்பது நிமிடத்தில் கண்டுபிடித்த ஒன்றைப் படிக்கும்போது மனம் நிறைகிறது. களைப்பும் நிறையவே உண்டு. விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 9: மதிப்பெண் வந்த பிறகு

ஜூலையில் மதிப்பெண்கள் வரும். கூடவே உங்கள் வகுப்புக்கான பகுப்பாய்வு அறிக்கையும் ஏ.பி. தளத்தில் கிடைக்கும், எந்த வகை வினாவில் உங்கள் மாணவர்கள் மற்ற எல்லோரையும்விட முன்னே, பின்னே என்று அதில் தெரியும். எத்தனை பேர் 5 வாங்கினார்கள் என்பதில் கண் போய்விடும், அது இயல்பு. அதைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். உரைநடைக் கட்டுரையைவிடக் கவிதைக் கட்டுரை தாழ்ந்திருக்கிறதா? கொள்குறியில் கதைசொல்லல் வினாக்கள் மட்டும் சறுக்கினவா? அந்த வருடத்துப் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்து, அந்தத் திறனை எந்த மாதத்தில், எந்தப் படைப்பைக் கொண்டு கற்பித்தீர்கள் என்று பாருங்கள். பிறகு அடுத்த வருடத்துக்கு ஒரே ஒரு மாற்றம் முடிவு செய்யுங்கள். ஒன்றுக்கு மேல் மாற்றினால் எது பலன் தந்தது என்று சொல்ல முடியாது. அந்த ஒரு மாற்றத்தை ஒரு வரியில் எழுதி, உங்கள் திருத்தும் குழுவுக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த டிசம்பரில் அவர்களே அதைப் பற்றி உங்களிடம் கேட்கட்டும்.